வெள்ளோட்டம்

பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தாமிராவை அழைத்துப் போன அன்று அவள் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. போகும் வழியில் காரிலேயே வாந்தி எடுத்தாள். இறக்கிவிட்டதும் அம்மாவின் துப்பட்டாவை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போனா நீ போயிடுவ, நீ போயிடுவ" என்று அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் குரல் வராமல் உதடு மட்டும் அசைந்தது. வாசலில் நின்றிருந்த காவலாளி பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்து வயது முடியாத குழந்தையைப் பள்ளியில் விடக்கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அதுவரை தாயோ தகப்பனோ ஒருவர் விடுப்பெடுத்துக் குழந்தையோடு இருந்துகொள்ளலாம். தாமிராவோடு இருந்தவள் அவள் அம்மா தமயந்தி. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கணவன் கௌரிசங்கர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வாரத்தில் பாதி நாள் ஈரோடு, சேலம் என்று ரோட்டிலேயே கழியும். வடவள்ளி அபார்ட்மெண்ட்டில் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே அந்த ஐந்து வருஷத்தையும் கழித்தார்கள். தமயந்தி குளிக்கப் போனால்கூட தாமிரா கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். உள்ளேயிருந்து பதில் வரத் தாமதமானால் கதவைத் தட்டுவாள்.

ஜூன் மாதம் தமயந்தி வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

"வெள்ளோட்டம் போட்டுட்டீங்களா?" என்று, பிறகு சேர்க்கை விஷயமாகப் பேசியபோது பள்ளி முதல்வர் கேட்டார். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். "கட்டாயமெல்லாம் இல்லைங்க. ஆனா இப்ப அநேகமா எல்லாக் குழந்தைகளும் போட்டுட்டுத்தான் வர்றாங்க. மத்ததெல்லாம் சிரிச்சுட்டு உட்கார்ந்திருக்கும்போது உங்க குழந்தை மட்டும் அழுதுட்டு நின்னா அதுக்குத்தானே கஷ்டம்?"

வெள்ளோட்டம் மையம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. அதை நடத்திய டாக்டர் சௌந்தரா நடுத்தர வயதுக்காரர். பேச்சில் அவசரமே கிடையாது. பேசும்போது பெற்றோரைப் பார்ப்பதைவிடக் குழந்தையைத்தான் அதிகம் பார்ப்பார்.

"புதுசா தேர் செஞ்சா, சாமியை ஏத்தறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாங்கல்லங்க? அதேதான் இது" என்றார். "மதியத் தூக்கத்துல தலைக்கு ஒரு தொப்பி மாட்டுவோம். தூக்கத்துலயே குழந்தை பள்ளிக்கூடம் போகும். அதே கேட், அதே வகுப்பு, அதே மிஸ். நீங்க கொண்டுபோய் விடுவீங்க, சாயங்காலம் வந்து கூப்பிட்டுக்குவீங்க. விட்டுட்டுப் போன அம்மா திரும்பி வருவாங்கன்னு குழந்தையோட உடம்புக்கே தெரியணும். வாயால சொன்னா அது புரியாது. வாழ்ந்து பார்த்தாத்தான் புரியும்."

"அதுல வர்றது நானா?"

"உங்க முகம், உங்க குரல், நீங்க நடக்கிற நடை. எல்லாத்தையும் எடுத்துக்குவோம். குழந்தைக்கு அது நீங்கதான்."

கௌரிசங்கர் கேட்டான்: "கனவுல ஏதாவது ஏடாகூடமா நடந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"அதுதான் இதுல இருக்கிற சௌகரியமே" என்று டாக்டர் சிரித்தார். "கீழ விழுந்துட்டா, யாராவது அடிச்சுட்டா, பயந்து அழுதா, ஒரு மணிச் சத்தம் கேக்கும். குழந்தை கண்ணை மூடும். அந்த நாளை அப்படியே எடுத்துப் போட்டுட்டு மறுபடி கேட்லேர்ந்து ஆரம்பிப்போம். நல்லபடியா முடியற வரைக்கும், எத்தனை தடவை வேணும்னாலும். தூக்கத்துல நேரத்துக்கா பஞ்சம்? முழிச்சதும் நடந்தது ஒண்ணும் ஞாபகம் இருக்காது. தைரியம் மட்டும் தங்கும்."

திரும்பி வரும்போது கௌரிசங்கர் ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்தினான். பிறகு, "பயம்னு ஒண்ணு மனுஷனுக்கு வேணுமில்ல தமயந்தி?" என்றான்.

"ஒரு பம்பைக்கூட தண்ணியில ஓட்டிப் பார்க்காம நாங்க கடைக்கு அனுப்பறதில்லீங்க. பெத்த பொண்ணை அனுப்பச் சொல்றீங்களா?"

பின்சீட்டில் தாமிரா தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் அம்மாவின் துப்பட்டா நுனியை விடவில்லை.

கோடை முழுக்க மதிய வேளைகளில் மையத்துக்குப் போய் வந்தார்கள். குழந்தைகளைப் படுக்க வைக்கும் அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். வெளியே அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் மெஹருன்னிசா பழக்கமானாள். அவள் மகன் ஆதிலும் தாமிரா சேரப்போகும் அதே பள்ளியில்தான் சேரப்போகிறான். "என் பையன் என்னைவிட்டு ஒரு அடி நகரமாட்டான்க்கா. இப்ப பாருங்க, நேத்து தனியா மாடிக்குப் போயிட்டு வந்தான்" என்று சந்தோஷமாகச் சொல்வாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாமிராவின் உதடு அசையும். சில சமயம் உடம்பு ஒரு முறை தூக்கிப்போடும். உடனே முகம் துடைத்த மாதிரி அமைதியாகிவிடும். அப்போதெல்லாம் எங்கேயோ ஒரு நாள் அழிந்து மறுபடி தொடங்குகிறது என்று தமயந்தி நினைத்துக்கொள்வாள்.

தாமிரா எழுந்ததும், "தூக்கத்துல என்ன பார்த்த சாமி?" என்று கேட்பாள்.

"தெரியலம்மா."

ஆனால் மாற்றம் தெரிந்தது. தமயந்தி குளிக்கப் போனால் தாமிரா தன் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் தனியாகப் போய் விளையாடினாள். இருட்டு, நாய், புது ஆட்கள் எல்லாமே அவளுக்குச் சாதாரணமாகிப் போயின. தமயந்திக்கு மனம் நிறைந்தது.

ஒருநாள் சமையலறையில் பால் தம்ளர் தாமிராவின் கையிலிருந்து நழுவி உடைந்தது. தமயந்தி ஓடிவந்து பார்த்தபோது தாமிரா சிதறிய கண்ணாடிக்கு நடுவில் அசையாமல் நின்றாள். கண்கள் இறுக மூடியிருந்தன. எதற்கோ காது கொடுத்துக் காத்திருக்கிற முகம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து தரையைப் பார்த்தாள். பால் அப்படியே கிடந்தது. முகம் வாடிவிட்டது.

"அம்மா திட்டமாட்டேன் சாமி, பயப்படாத" என்று தமயந்தி அவளைத் தூக்கிக்கொண்டாள்.

"பயமில்லையே" என்றாள் தாமிரா. அது உண்மைதான்.

பள்ளி திறந்த நாளில் கேட் முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. தாமிரா இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று தமயந்தி நின்றாள். தாமிரா பார்க்கவில்லை. எந்தக் குழந்தையும் பார்க்கவில்லை. ஏற்கெனவே பலமுறை நடந்த வழியில் போகிறவர்களைப் போல வகுப்புக்குள் போய், அவரவர் இடம் எதுவென்று தெரிந்தவர்களைப் போல உட்கார்ந்தார்கள்.

ஒரே ஒரு பையன் மட்டும் அழுதான். பரணி என்று பெயர். அவன் அம்மா கனகமணி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "நாங்க அந்த வெள்ளோட்டமெல்லாம் போடலீங்க. அழுதா நாலு நாள் அழுதுட்டுப் போறான்னு விட்டுட்டோம்" என்றாள் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

தாமிரா எழுந்து போய் பரணியின் கையைப் பிடித்து, "அழாத. சாயங்காலம் வந்துடுவாங்க" என்றாள். பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் நெகிழ்ந்துபோனார்கள். வகுப்பாசிரியை ஹெப்சிபா மட்டும் அதில் சேர்ந்துகொள்ளவில்லை.

"நல்ல பொண்ணு உங்க பொண்ணு" என்று தமயந்தியிடம் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "முன்னாடியெல்லாம் ஜூன் மாசம்னா இந்த வகுப்புல காது அடைக்கிற மாதிரி அழுகைச் சத்தம் இருக்கும்ங்க. ரெண்டு வாரம் தூக்கி வச்சுக்கிட்டேதான் பாடம் நடத்துவேன். என்னைப் பிடிக்க ஆரம்பிச்சதும் அழுகை நிக்கும். இதுங்க அழறதுமில்ல, என்கிட்ட வர்றதுமில்ல. நான் எதுக்கு இங்க நிக்கறேன்னு எனக்கே தெரியல."

தமயந்தி காருக்குள் போய் உட்கார்ந்தபின் அழுதாள். ஏன் என்று அவளுக்கே சரியாகப் புரியவில்லை.

பரணியும் சில நாட்களில் அழுகையை நிறுத்தினான். அவனும் தாமிராவும் ஆதிலும் ஒன்றாகவே திரிந்தார்கள். ஆகஸ்ட்டில் மருதமலைப் பக்கமிருந்து மழை விடாமல் வந்தது. பள்ளிக்குப் பின்னால் மழைநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அடைப்பு எடுக்க வந்தவர்கள் அதன் மூடியைச் சரியாகப் போடாமல் போயிருந்தார்கள். விளையாட்டு நேரத்தில் பந்து அந்தப் பக்கம் உருண்டது. எடுக்கப் போன பரணி உள்ளே விழுந்தான்.

மைதானத்தின் இந்தக் கோடியில் நின்ற ஹெப்சிபாவுக்கு ஏதோ சத்தம் குறைகிற மாதிரித் தோன்றியிருக்கிறது. தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தார். தாமிரா, ஆதில், இன்னும் இரண்டு பெண் குழந்தைகள் தொட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். நால்வரும் கண்களை மூடியிருந்தார்கள்.

"என்ன விளையாட்டு இது?"

"பரணி உள்ள இருக்கான் மிஸ்" என்றாள் தாமிரா. அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஹெப்சிபா சேலையோடு தொட்டிக்குள் குதித்தார்.

தமயந்தி கம்பெனியிலிருந்து ஓடி வந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. வகுப்பில் குழந்தைகள் படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாமிராவும் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, சாப்பிட வைத்து, மடியில் உட்கார வைத்துக்கொண்டுதான் தமயந்தி கேட்டாள்.

"பரணி விழுந்தப்ப ஏன் சாமி யாரையும் கூப்பிடல?"

"எதுக்குக் கூப்பிடணும்?"

"தண்ணில விழுந்தா மூச்சு முட்டும்ல?"

"நாள் கெட்டுப்போச்சும்மா" என்றாள் தாமிரா, அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற குரலில். "கெட்டுப்போச்சுன்னா கண்ணை மூடிக்கணும். மணி அடிக்கும். அப்புறம் கேட்லேர்ந்து வரும். பரணியும் வருவான்."

தமயந்தி அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அப்படித்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இன்னைக்கு மணி அடிக்கவே இல்லம்மா. நாங்க நின்னுட்டே இருந்தோம்" என்றாள்.

மறுநாள் தாமிராவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பார்த்தால் புரியும் என்று நினைத்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால் பரணி குழாய்களோடு கிடந்தான். தாமிரா அவனைப் பார்த்தாள். பிறகு கண்களை மூடி, அசையாமல் நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனகமணி அதைப் பார்த்துக் கைகூப்பினாள். "எம் பையனுக்காகச் சாமி கும்பிடுதுங்க உங்க பொண்ணு" என்று தாமிராவின் தலையைத் தடவினாள். குழந்தை எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. அவள் மணிக்காகக் காத்திருந்தாள்.

"ஞாபகம் இருக்காதுன்னு சொன்னீங்க" என்றாள் தமயந்தி, வெள்ளோட்டம் மையத்துக்குப் போய் டாக்டர் சௌந்தராவிடம்.

டாக்டர் தூங்காத முகத்தோடு இருந்தார். "நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லைங்க. ஆனா உலகம் எப்படி நடக்கும்ங்கிற வழக்கம் தங்கிடுச்சு. தூக்கத்துல அவ நூத்துக்கணக்கான நாள் வாழ்ந்திருக்கா. முழிச்சிருந்து வாழ்ந்ததைவிட அங்க வாழ்ந்ததுல எல்லாமே தெளிவா, ஒரே விதிப்படி நடந்துச்சு. எது நிஜம்னு ஒரு குழந்தை எதை வச்சு முடிவு பண்ணும்? எங்களுக்கு இது தெரியல. பயம் போனா போதும்னு மட்டும்தான் பார்த்தோம்."

"இப்ப என்ன பண்றது?"

"நீங்க பேசிப் பாருங்க. நாங்களும் யோசிக்கறோம்."

தமயந்தி மறுபடி விடுப்புப் போட்டாள். உடைந்த பொம்மையை எடுத்து வைத்து, "பாரு, இது மறுபடி முழுசாகாது" என்று சொன்னாள். பால்கனித் தொட்டியில் காய்ந்துபோன துளசியைக் காட்டினாள். ஹெப்சிபா மிஸ் வீட்டுக்கே வந்து தாமிராவை மடியில் வைத்துக்கொண்டு, பரணிக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று பேசினார். தாமிரா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "சரிம்மா", "சரிங்க மிஸ்" என்றாள். பெரியவர்கள் ஏதோ புரியாமல் பேசுகிறார்கள், மணி அடித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும் என்பது போல இருந்தாள்.

பரணி பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை சரியாக வரவில்லை. ஒரு வார்த்தையைச் சொல்லத் தொடங்கினால் அது வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. "அடுத்த தடவை சரியாயிடும்" என்று தாமிரா அவனிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தமயந்தி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். கூடையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து உதறி நிமிர்ந்தபோது தாமிரா கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிப்பக்கம். கண்கள் மூடியிருந்தன.

தமயந்தி கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, ஈரத் தரையில் நடந்து போய் இடுப்போடு சேர்த்து இழுத்துக் கீழே இறக்கினாள். இருவரும் தரையில் விழுந்தார்கள்.

"என்ன சாமி பண்ற, என்ன பண்ற நீ?"

"மணி ரொம்ப நாளா அடிக்கவே மாட்டேங்குதும்மா" என்றாள் தாமிரா. "கீழ போனா அடிக்குமான்னு பார்த்தேன். பரணிக்குக் கை சரியாகணும்ல?"

அன்றே கௌரிசங்கர் சேலத்திலிருந்து வந்துவிட்டான். மறுநாள் இருவரும் டாக்டர் சௌந்தரா முன் உட்கார்ந்தார்கள். டாக்டர் நேராகப் பேசினார்.

"பேச்சு எட்டாத இடத்துல இது பதிஞ்சிருக்கு. எங்க பதிஞ்சுதோ அங்கேயே போய்த்தான் மாத்தணும். இன்னொரு வெள்ளோட்டம். ஒரே ஒரு தடவை. இதுல மணி அடிக்காது. ஒண்ணு போகும், திரும்ப வராது. அவ கண்ணை மூடுவா, திறப்பா, அப்பவும் வராது. அழுது அழுது, போனா போனதுதான்னு அவளா தெரிஞ்சுக்கற வரைக்கும் நாங்க நடுவுல கை வைக்கக்கூடாது."

"எது போகும்?" என்று கேட்டான் கௌரிசங்கர்.

"சின்னச் சின்னதா வச்சுப் பிரயோஜனமில்லைங்க. பொம்மை, நாய்க்குட்டி எதுவும் போதாது. அவ நிஜமாவே இழக்க முடியாத ஒண்ணா இருக்கணும்" என்ற டாக்டர் தமயந்தியைப் பார்த்தார். "நீங்கதான்."

"முடியாது" என்று கௌரிசங்கர் எழுந்தான். "முதல்ல நாங்க பண்ணது போதும். கைல பிடிச்சுட்டே இருந்து வளர்த்துக்கறோம். வா தமயந்தி."

"எத்தனை நாளைக்குக் கைல பிடிச்சுட்டே இருப்பீங்க?" தமயந்தி எழவில்லை. "நேத்து நான் போர்வையை இன்னும் ஒரு தடவை உதறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுங்களா உங்களுக்கு?"

அவன் உட்கார்ந்தான்.

"முழிச்சதும் மறந்துடுவாளா?" என்று தமயந்தி கேட்டாள். "நான் செத்ததை?"

"நடந்தது மறந்துடும். பாடம் மட்டும் நிக்கும்" என்றார் டாக்டர். போன தடவை சொன்ன அதே உறுதி அந்தக் குரலில் இல்லை. தமயந்தி அதைக் கவனித்தாள். கவனித்தும் சரி என்றாள்.

அன்று கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள். கௌரிசங்கர் பார்க்க முடியாது என்று சொல்லிக் கீழே காரிலேயே இருந்துவிட்டான். தாமிரா தூங்கிய சிறிது நேரத்தில் உதடு கோணியது. உடம்பு தூக்கிப்போட்டது. வழக்கமாக அப்போது அமைதியாகிவிடும் முகம் இந்த முறை அமைதியாகவில்லை. வாய் திறந்துகொண்டது. சத்தம் கண்ணாடியைத் தாண்டி வரவில்லை. ஆனால் 'ம்மா' என்ற உதட்டசைவை எந்த அம்மாவுக்கும் தெரியும். தமயந்தி கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "இங்க இருக்கேன் சாமி, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளே வேலை பார்த்த பெண் ஒருத்தி திரும்பி, எழுப்பக்கூடாது என்று கையால் சைகை காட்டினாள். வழக்கத்தைவிட நெடுநேரம் ஆயிற்று. கடைசியில் தாமிராவின் அழுகை தானாகக் குறைந்தது. முகம் வயதான முகம்போல ஆகி, பிறகு சலனமற்றுப் போனது.

டாக்டர் அவளை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, பக்கத்து அறைக்குக் கூட்டி வந்தார். தமயந்தியும் போய் ஓரமாக நின்றாள். டாக்டர் தாமிராவிடம் ஒரு பீங்கான் பொம்மையைக் காட்டினார்.

"இது கீழ விழுந்து உடைஞ்சா என்ன பண்ணுவோம் தாமிரா?"

"உடைஞ்சா உடைஞ்சதுதான். அதனால பத்திரமா வச்சுக்கணும்."

"யாராவது தண்ணில விழுந்துட்டா?"

"கத்தணும். ஓடிப்போய்ப் பெரியவங்களைக் கூப்பிடணும்" என்றாள் தாமிரா. அவள் உதடு நடுங்கியது. "இல்லன்னா அவங்க செத்துடுவாங்க. செத்துட்டா திரும்பி வரவே மாட்டாங்க."

டாக்டர் சௌந்தராவின் கண் கலங்கிவிட்டது. தமயந்தி ஓடிவந்து மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தாள். தாமிரா அசையாமல் நின்றாள். திமிறவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. வேற்று வீட்டு விசேஷத்தில் யாரோ உறவுக்காரி கட்டிப்பிடித்தால் குழந்தைகள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி நின்றாள்.

"இன்னும் தண்ணி வேணுமா சாமி?"

"வேண்டாங்க."

தமயந்தியின் கை அப்படியே நின்றது. தாமிரா அவளை ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"எங்க அப்பா எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள் தாமிரா, மரியாதையாக.

டாக்டர் குனிந்தார். "தாமிரா, இவங்க யாருன்னு பாரு."

தாமிரா பார்த்தாள். நெற்றியிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். "தெரியலீங்க. அம்மா மாதிரியே இருக்காங்க. அம்மாவோட துணியைப் போட்டிருக்காங்க."

"அம்மாதான் கண்ணு."

"இல்லீங்க டாக்டர். எங்கம்மா செத்துட்டாங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தெரியும்." அவள் குரலில் பிடிவாதமே இல்லை. அதுதான் தமயந்தியை ஒடித்தது. "செத்துட்டா திரும்பி வரமாட்டாங்க. அதனால இவங்க அம்மா இல்ல."

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "தமயந்தி, இதைச் சரிபண்ணிடலாம். இன்னொரு தடவை படுக்க வச்சு, இன்னிக்கு நடந்ததை எடுத்துட்டு, திருப்பி முதல்லேர்ந்து..."

"வேண்டாம்."

"ஒரே ஒரு தடவை..."

"வேண்டாம் டாக்டர்." தமயந்தி எழுந்தாள். "திருப்பினா திருப்பிடலாம்னு அவ திரும்பக் கத்துக்குவா. நான் அம்மாவாயிடுவேன். அவ மறுபடி சுவத்துமேல ஏறுவா. அவ உயிரோட இருக்கட்டும்."

வெளியே கூடத்தில் மெஹருன்னிசா ஆதிலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணியில்லாத அந்த வெள்ளோட்டத்துக்கு அடுத்த முறை அவனுடையது. தமயந்தியைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். "என்னக்கா, தாமிரா சரியாயிட்டாளா?"

தாமிரா முந்திக்கொண்டு, "நான் நல்லா இருக்கேங்க ஆன்ட்டி" என்றாள். பிறகு ஆதிலிடம் போய், "பரணி கை இனிமே சரியாகாது ஆதில். நாம கூப்பிட்டிருக்கணும்" என்று சொல்லி அழத் தொடங்கினாள். ஆதில் அவளைப் புரியாமல் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கண்களை மூடிக்கொண்டான்.

மெஹருன்னிசாவின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ், வேலை செஞ்சிருக்கேக்கா!"

தமயந்தி அவள் கையை இறுகப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. மெஹருன்னிசா திரும்பித் தாமிராவைப் பார்த்தாள், தமயந்தியைப் பார்த்தாள்.

"அப்ப நான் என்னதான்க்கா பண்றது? உள்ள போனா நான் இல்லாமப் போயிடுவேன். போகலைன்னா அவன் இல்லாமப் போயிடுவானே?"

"எனக்குத் தெரியல மெஹர். போகாதன்னு சொல்லவும் என்னால முடியல. தெரிஞ்சுட்டுப் போ. அதுக்குத்தான் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லல."

மெஹருன்னிசா மகனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கூப்பிட்ட குரலுக்கு அவள் எழவில்லை, வெளியே போகவும் இல்லை. தமயந்தி படியிறங்கும்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கீழே காரைப் பார்த்ததும் தாமிரா ஓடினாள். "அப்பா!" என்று கௌரிசங்கரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். அவன் நிம்மதியோடு தமயந்தியை நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி நின்றுவிட்டது. தாமிரா அவன் காதில் சொன்னது தமயந்திக்கும் கேட்டது.

"அந்த ஆன்ட்டியும் நம்ம கூட வர்றாங்களாப்பா?"

அவனுக்கு முழுதும் புரியவில்லை. புரிந்த மட்டும் போதுமாக இருந்தது. "வரட்டும் சாமி" என்று பின்கதவைத் திறந்துவிட்டான்.

தமயந்தி பின்சீட்டில் உட்கார்ந்தாள். தாமிரா மறுபக்கக் கதவோடு ஒட்டி உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டாள். வண்டி தடாகம் ரோட்டைக் கடக்கும்வரை தமயந்தி அடக்கிக்கொண்டு வந்தாள். அதற்குமேல் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மடியில் ஏதோ வந்து விழுந்தது. பள்ளிச் சீருடையில் குத்திக்கொள்ளும் சின்னக் கைக்குட்டை. தாமிரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் இரக்கம் இருந்தது.

"உங்க வீட்லயும் யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

கௌரிசங்கர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

தமயந்தி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். குழந்தை பயந்துவிடாத அளவுக்கு மட்டும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"என் பேரு தமயந்தி" என்றாள். "உன் பேரு என்ன?"